சிங்கப்பூரில் தமிழில் ஓர் அறிபுனைக் கூடுகை: நாமே நடத்த முடியுமா?

9 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

இங்கே பொம்மை, காமிக்ஸ், அனிமே என்று பெரிய கண்காட்சிகள் வருகின்றன. டிக்கெட் வாங்குகிறோம், வரிசையில் நிற்கிறோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். வெளிநாட்டில் வாசகர்களே சேர்ந்து நடத்துகிற அறிபுனை (அறிவியல் புனைகதை) கன்வென்ஷன் என்கிறார்களே, அதைச் சிங்கப்பூரில் தமிழில் நடத்த முடியுமா? முடியாது என்பதுதான் என் கணிப்பு. ஐம்பது பேர் தேறமாட்டார்கள். ஸ்பான்சர் இல்லாமல் அறைகூடக் கிடைக்காது.

9 பிப்ரவரி, இரவு

முடியும். ஐம்பது பேர் வேண்டியதே இல்லை. 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தியோசாபிக்கல் ஹாலில் கூடியவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதைத்தான் உலகின் முதல் அறிபுனை கன்வென்ஷன் என்று பலரும் சொல்கிறார்கள். வந்தவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய அறிபுனை எழுத்தாளரான ஆர்தர் சி. கிளார்க், அப்போது பத்தொன்பது வயது. இரண்டு வருடம் கழித்து, 1939 ஜூலையில், நியூயார்க்கில் வேர்ல்ட்கான் என்கிற உலக அறிபுனை கன்வென்ஷன் முதல் தடவை நடந்தபோது சுமார் 200 பேர் வந்தார்கள். தொடக்கம் எல்லாமே இந்த அளவில்தான்.

நான் ஒரே ஒரு வேர்ல்ட்கானுக்குப் போயிருக்கிறேன். 2007இல் யோக்கோஹாமாவில் நடந்தது. ஆசியாவுக்கு அது வந்தது அதுவே முதல் தடவை. எனக்கு அப்போது 24 வயது. சேர்த்து வைத்த விடுப்பு முழுவதையும் அதற்கே செலவழித்தேன். அங்கே டிக்கெட் என்று ஒன்று கிடையாது. உறுப்பினர் கட்டணம் கட்டினால் நாமும் உறுப்பினர். நாற்காலி தூக்குகிறவரும் கட்டணம் கட்டியவர்தான், மேடையில் பேசுகிற எழுத்தாளரைக் கூட்டிவருகிறவரும் கட்டணம் கட்டியவர்தான். இரண்டாம் நாள் காலையில் சும்மா நிற்கிறோமே என்று போய் உதவட்டுமா என்று கேட்டேன். கையில் ஒரு தட்டு தண்ணீர்க் குவளைகளைக் கொடுத்து, எந்த அறை என்று விரலால் காட்டினார்கள். அன்று மாலைக்குள் பதினோரு அறைகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தேன், நாலு பேர் நண்பர்களாகியிருந்தார்கள்.

2009 வேர்ல்ட்கான் மொன்றியலில் என்று முடிவானதும் அங்கேதான், உறுப்பினர்கள் வாக்குப் போட்டு. எந்தக் கம்பெனியும் முடிவு செய்யவில்லை.

12 பிப்ரவரி

பெயரைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. 'மாநாடு' வேண்டாம் என்பது என் கருத்து. மாநாடு என்றதும் பந்தல், கொடி, தீர்மானம் எல்லாம் கூடவே வந்துவிடும். அதற்கு மேல் 'யார் தலைமை?' என்ற கேள்வி வரும். இரண்டு பேரிடம் சோதித்துப் பார்த்தேன், இரண்டு பேரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 'கூடுகை' என்று வைப்போம்.

16 பிப்ரவரி

பணம். ஸ்பான்சரைத் தேடிப் போகாதீர்கள். ஒரு பெயர்ப்பலகைக்கு இடம் கொடுத்தால், அடுத்து பத்து நிமிடப் பேச்சுக்கு இடம் கேட்பார்கள். வருகிறவர்களே செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி. ஆளுக்கு 15 வெள்ளி, மாணவர்களுக்கு 5.

17 பிப்ரவரி

மொய் என்று சொன்னது தப்பு. ஓர் அண்ணன் சரியாகவே பிடித்தார்: "மொய்னா திருப்பிச் செய்யணும்ல? யாருக்கு யார் திருப்பிச் செய்றது?" உண்மைதான். நான் தேடிய சொல் தலைக்கட்டு வரி. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். வரி கொடுத்தவருக்குத் திருவிழாவில் பேச உரிமை உண்டு, கணக்குக் கேட்க உரிமை உண்டு, தேர்வடம் பிடிக்கிற கடமையும் உண்டு. யோக்கோஹாமாவில் நான் பார்த்தது அதுதான். வேர்ல்ட்கானின் நிர்வாகக் கூட்டத்தில் எந்த உறுப்பினரும் எழுந்து விதியையே மாற்றச் சொல்லலாம், வாக்களிக்கலாம். நம் ஊர்க்கூட்டம்தான், ஆங்கிலத்தில்.

2 மார்ச்

தேதி பார்ப்பதற்கே இரண்டு வாரம் போய்விட்டது. ஏப்ரல் முழுக்கத் தமிழ் மொழி விழா. ஒவ்வொரு வார இறுதியிலும் நாலைந்து நிகழ்ச்சி இருக்கும், நம் ஆட்களில் பாதிப் பேர் அவற்றில்தான் இருப்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் பிள்ளைகளுக்குத் தேர்வு. அதையடுத்துத் தீபாவளி. நவம்பரில் எழுத்தாளர் விழா. மிச்சம் இருப்பது ஜூன் பள்ளி விடுமுறை.

சனியா ஞாயிறா என்பதில் விவாதமே தேவையில்லை, ஞாயிறுதான். கட்டுமானத்தில், கப்பல் பட்டறையில் வேலை செய்கிற தம்பிகளுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான், அதுவும் ஓடி என்கிற கூடுதல் நேர வேலை இல்லாத ஞாயிறாக இருக்க வேண்டும். ஜூன் 22 என்று வைத்திருக்கிறோம்.

23 மார்ச்

ஐந்து பேர் தேக்காவில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்தோம். இடம், நிரல், பணம், சாப்பாடு, பெயரட்டையும் வரவேற்பும். ஒருவருக்கு ஒன்று, ஒரே ஒன்று. 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்' என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. நிரல் என்னுடையது. கடைசி வேலை யாருக்கும் பிடிக்கவில்லை, 'அது சின்ன வேலைதானே, அன்னைக்குக் காலைல பாத்துக்கலாம்' என்று விட்டோம். அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருவேன்.

அமர்வு ஒவ்வொன்றும் 50 நிமிடம், இடையில் 10 நிமிடம். மூன்று பேர் பேச, ஒருவர் நடத்துவார். நடத்துகிறவரின் வேலை தன் கருத்தைச் சொல்வது அல்ல, பேசாத மூன்றாமவரைப் பேசவைப்பது. முன்வரிசையில் ஒருவர் '10', '5', 'முடி' என்று எழுதிய மூன்று அட்டைகளோடு உட்காருவார். இது வேர்ல்ட்கானில் கற்றது, அப்படியே எடுத்துக்கொண்டேன்.

13 ஏப்ரல்

பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். குழுவில் இதற்கு நான் கடுமையாகச் சண்டை போட்டேன். நம் நிகழ்ச்சிகளில் மூன்று மணி நேரம் போனால் இரண்டு மணி நேரம் யார் யாருக்கு நன்றி என்பதிலேயே கரைந்துவிடுகிறது. கதையைப் பற்றிப் பேச ஆசையோடு வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே பஸ் ஏறிப் போகிறார். அவருக்காகத்தான் இதைச் செய்கிறோம்.

மேடையையே எடுத்துவிட்டோம். நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுகிறோம். சிறப்பு விருந்தினர் என்று யாரும் இல்லை.

4 மே

நேற்று பொதுத்தேர்தல் என்பதால் இரண்டு வாரமாக ஒரு வேலையும் ஓடவில்லை. இன்றைக்கு 31 பேர் கட்டியிருக்கிறார்கள்.

நிரலில் நாலு அமர்வு. எனக்கு மிகவும் பிடித்தது, 'கடல் ஏறினால்: தீவில் எழுதப்படாத கதைகள்'. இந்தத் தீவில் சுமார் 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. சுதந்திரம் வாங்கியபோது 580 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருந்த ஊர் இப்போது 730ஐத் தாண்டிவிட்டது, கூடுதலாக வந்தது எல்லாம் கடலில் கொட்டிய மண். கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். ஓட்டுநர் இல்லாத எம்ஆர்டி ரயில் 2003இலிருந்து ஓடுகிறது. ஜூரோங்கில் கடலுக்கு அடியில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கிறார்கள். அறிபுனை எழுத நியூயார்க்கையோ செவ்வாயையோ தேடிப் போக வேண்டாம், தெம்பனீஸிலிருந்து ரயில் ஏறினால் போதும். நாம் எழுதுவதோ இன்னும் விண்வெளி ஓடங்கள்தான். இதைத்தான் பேசணும் என்று துடிக்கிறேன்.

8 ஜூன்

பெயரட்டை அச்சாகி வந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. 'கோமதி' என்ற பெயரில் கொம்பு தனி, 'கா' தனி, நடுவில் ஒரு புள்ளி வட்டம். 'கௌதம்' மூன்று துண்டு. 'ஸ்ரீ' வர வேண்டிய இடத்தில் கட்டம். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே சேர்க்கவில்லை, அச்சகத்துக் கணினி கையில் கிடைத்த எழுத்துருவைப் போட்டுவிட்டது. ஆங்கிலப் பெயர்கள் மட்டும் அழகாக வந்திருந்தன. தமிழுக்காக நடத்துகிற கூடுகையில் இப்படி.

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெற்று அட்டை வாங்கினோம். இரண்டு இரவு உட்கார்ந்து மார்க்கரில் கையால் எழுதினோம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா தானே கேட்டு நாற்பது அட்டைகளை எழுதினார். ஒவ்வொரு பெயரையும் எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார். இனி எப்போதுமே கையெழுத்துத்தான்.

நடத்தை விதியும் எழுதி முடித்தாகிவிட்டது, ஒரே பக்கம். அட்டையில் சிவப்புப் புள்ளி இருந்தால் அவரைப் படம் எடுக்கக் கூடாது. வேடம் போட்டு வந்தவரையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கணும். பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரின் எண் இருக்கும், அதில் ஒருவர் பெண்.

22 ஜூன், இரவு 11.40

முடிந்தது. 64 பேர். கால் இரண்டும் வீங்கிவிட்டது. நாளை எழுதுகிறேன்.

24 ஜூன்

இப்போதுதான் உட்கார முடிந்தது.

முதலில் குறை. சாப்பாடு பன்னிரண்டரைக்கு வர வேண்டியது, ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. கடை யாரென்று சொல்லப்போவதில்லை. எங்கள் தப்பும் இருக்கிறது: காலையில் ஒரு தடவைகூட போன் செய்து உறுதிப்படுத்தவில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது தெரியுமா? பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர் காலி தண்ணீர்க் குடுவையில் தாளம் தட்டி, செவ்வாய்க்குப் போன மாப்பிள்ளையின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார்கள். 'ஆமாம்' போடுகிற வேலையை அறையே எடுத்துக்கொண்டது. அது நிரலிலேயே இல்லை. அன்றைக்கு எல்லாரும் அதிகம் சிரித்தது அப்போதுதான்.

கலைச்சொல் அமர்வு நன்றாக வந்தது, ஆனால் 50 நிமிடம் போதவில்லை. 'ரோபோ'வா 'எந்திரன்'னா என்பதிலேயே இருபது நிமிடம். அடுத்த முறை அந்தக் கேள்விக்குத் தனி அறையே கொடுத்துவிடலாம்.

கடல் அமர்வு. மூன்று பேரும் நன்றாகத் தயாரித்து வந்திருந்தார்கள், இருந்தும் ஏதோ ஒட்டவில்லை. முப்பதாவது நிமிடத்தில் பின்வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்கினார். 72 வயது. எழுபதுகளில் சாங்கியில் விமான நிலையத்துக்காகக் கடலைத் தூர்த்தபோது புல்டோசர் ஓட்டியவர். அவர் சொன்னது: "ராத்திரி ஷிஃப்ட்ல மண்ணு பம்புல வர்ற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். தண்ணியும் மண்ணும் ஒண்ணா வரும், தண்ணி மட்டும் திரும்பிப் போயிடும். நாங்க பேசிக்குவோம், இது எங்க போவுது, ஒருநாள் திருப்பிக் கேக்கும்டான்னு." அறையில் சத்தமே இல்லை. '5' அட்டையைத் தூக்க வேண்டிய பெண் அதைக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டார். பெரியவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், மண் எங்கிருந்து வந்தது, அது கெட்டிப்பட எத்தனை வருடம் விட்டார்கள், மீன்பிடிப் படகுகள் என்ன ஆயின. மூன்று பேச்சாளர்களும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குத்தான் நடத்தினோம்.

25 ஜூன்

நேற்று எழுதியதை மறுபடி வாசித்தேன். முழு உண்மையை எழுதவில்லை.

அந்தப் பெரியவர் காலை ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பேனா. நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்தேன், தலையாட்டினேன், வேலையைப் பார்த்தேன். இன்னொருவர் 'அட்டை மேசைல இருக்கு, எடுத்துக்கங்க ஐயா' என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னார். பெரியவர் அட்டையை எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் லிப்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மகளுக்குப் போன் போட்டு, 'யாரும் வான்னு கூப்பிடலம்மா, நான் வந்துடறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "மன்னிச்சுக்குங்க ஐயா, உள்ள வாங்க." வந்தார்.

மார்ச் 23 குறிப்பில் 'சின்ன வேலைதானே' என்று விட்டோமே, அது இதுதான். ஏப்ரல் 13இல் நான் எழுதியதையும் திருத்த வேண்டும். வரவேற்புரை வேண்டாம் என்றது சரி. ஆனால் உரையோடு சேர்த்து வரவேற்பையும் தூக்கிப் போட்டுவிட்டேன். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் இரண்டு பேரை நிற்கவைப்பது சும்மா சடங்கு இல்லை. யாரையும் தெரியாத இடத்துக்கு வருகிறவர் உள்ளே வரலாமா என்று தயங்குகிற அந்த அரை நிமிடத்துக்காகத்தான். பொன்னாடை போர்த்துவது ஒருவருக்கு. வாசலில் 'வாங்க' என்பது எல்லாருக்கும்.

25 ஜூன், பிற்பகல்

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவரே ஒரு நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் சொல்லவில்லை. மூன்றே முக்காலுக்கு ஒரு தம்பி வந்தார். கிரேன் வேலையில் சிக்னல்மேன், புதுக்கோட்டைப் பக்கம், காலையில் ஓடி வேலையை முடித்துவிட்டுக் கம்பெனிச் சட்டையோடு துவாஸிலிருந்து வந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பப் போனவரை, 'தம்பி, வாங்க வாங்க, இங்கதான்' என்று பெரியவர் எழுந்துபோய்க் கூட்டிவந்தார்.

தம்பி கையில் ஒரு கதை இருந்தது. வேலைத்தளத்துப் படிவங்களின் பின்பக்கத்தில், நீல மையில், ஆறு பக்கம். கட்டடம் முடிந்து எல்லாரும் போய்விடுகிறார்கள், உச்சியில் கிரேன் கூண்டில் இருப்பவரை இறங்கச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறார்கள். அவர் அங்கேயே இருந்து கீழே ஊர் மாறுவதைப் பார்க்கிறார், ஐம்பது வருடம். கடைசி அமர்வில் அதை வாசிக்கச் சொன்னோம். குரல் நடுங்கியது, இரண்டாவது பக்கத்துக்குப் பிறகு நடுங்கவில்லை.

1939 நியூயார்க்கைப் பெருமையாகச் சொன்னேன் இல்லையா? அங்கே ஆறு வாசகர்களை வாசலிலேயே நிறுத்தி உள்ளே விடாமல் அனுப்பினார்கள். உள்பகை, அரசியல். அந்த ஆறு பேரில் ஒருவர் பிரெடரிக் போல். பின்னாளில் எழுத்துக்கும் பத்திரிகை ஆசிரியப் பணிக்கும், வேர்ல்ட்கான் உறுப்பினர்கள் வாக்களித்துத் தருகிற ஹியூகோ விருதுகளை வாங்கியவர். அங்கே வேண்டுமென்றே செய்தார்கள், நாங்கள் கவனிக்காமல் செய்தோம். வெளியே நின்றவருக்கு என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

29 ஜூன்

அடுத்த முறை சிறுகதை விருது வைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: வைக்கலாம். அரூ இணைய இதழ் 2019இலேயே அறிபுனைச் சிறுகதைப் போட்டி நடத்தியது, ஆகவே எழுத ஆள் இருக்கிறார்கள். ஆனால் நடுவர் வேண்டாம், ஹியூகோ மாதிரி உறுப்பினர் வாக்கு. 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவோம். குறைந்த வாக்குப் பெற்ற கதையை நீக்கி, அதற்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த வாக்கை மாற்றி எண்ணுவோம். 'எந்தக் கதைக்கும் இல்லை' என்ற வரியும் சீட்டில் இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை: எண்ணிக்கை வெண்பலகையில், எல்லார் கண்முன்னும். 2023 செங்டு வேர்ல்ட்கானில் சில படைப்புகளைக் காரணம் சொல்லாமல் தகுதியில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள். எண்ணிக்கை விவரம் 2024 ஜனவரியில் வெளிவந்தபோதுதான் அது எல்லாருக்கும் தெரிந்தது, வாசகர் உலகமே கொதித்தது. அதே 2024இல் கிளாஸ்கோ வேர்ல்ட்கானில், சந்தேகத்துக்கு இடமான 377 வாக்குகளை நீக்கி, காரணம் இன்னது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எனக்குக் கிளாஸ்கோ வழி பிடித்திருக்கிறது.

6 ஜூலை

கணக்கு. 52 பேர் 15 வெள்ளி, 12 மாணவர்கள் 5 வெள்ளி, வரவு 840. அறை வாடகை 240, சாப்பாடு 390, அட்டை, மார்க்கர், வீணாய்ப் போன அச்சு எல்லாம் சேர்த்து 70, ஒலிவாங்கி வாடகை 60. செலவு 760. மிச்சம் 80. பணம் வேண்டாம் என்று சொன்ன பேச்சாளர்களும் நாங்கள் ஐவரும் 52க்குள் அடக்கம், எல்லாரும் கட்டினோம். ரசீதுகளைப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள்.

மிச்சத்தை அடுத்து நடத்துகிறவர்களுக்குக் கொடுப்பது வேர்ல்ட்கான் பழக்கம். அதன்படி, ஈசூனில் இருக்கும் மூன்று பேர் அடுத்த ஜூனுக்குப் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள். ஐம்பது பேர் தேறமாட்டார்கள் என்று பிப்ரவரியில் கேள்வி கேட்டவர் அதில் ஒருவர். நேற்று பெட்டியை ஒப்படைத்தேன்: 80 வெள்ளி, மார்க்கர்கள், வெற்று அட்டை முப்பது, '10', '5', 'முடி'. வேலைப் பட்டியலில் முதல் வரியாக 'வாசல்: இரண்டு பேர், காலை 9 மணியிலிருந்து' என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஓர் இடத்தைப் பெரியவர் இப்போதே கேட்டு வாங்கிவிட்டார்.